பதினேழாம் கல்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்துநான்கு.

அந்த மலையில் அப்போது இருந்தது மூன்றே பேர். ஆகையால் இதைப் பார்த்துச் சிரிக்க ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த ஆள் வனக்காவலர் இசக்கிராசு. "டீச்சருக்கு ஒரு மாணாக்கன் கெடச்சாச்சு. பாவம், பயலுக்கு மீசைதான் நரைச்சுப் போச்சு" என்று முதல் நாளே சொன்னான்.

சீடரின் பெயர் அரியநாயகம். மலைக்குக் கீழே உள்ள அணையில் முப்பத்தோரு வருடம் நீர்மட்டம் பார்த்தவர். காலை ஆறு மணிக்கு ஒரு அளவு, மாலை ஆறு மணிக்கு ஒரு அளவு. வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு அளவு. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு நான்கு வருடம் அளப்பதற்கு எதுவும் இல்லாமல் இருந்தார். வீட்டில் வேறு ஆளும் இல்லை.

குருவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரர். காட்டின் எல்லையில் அந்தக் காலத்தில் நட்ட கற்கள் இருபத்துமூன்று. அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். கருவியால் அளந்து வரைபடத்தில் ஏற்ற வந்தவர். முக்காலி தூக்கவும் குறிப்பு எழுதவும் ஓர் ஆள் கேட்டார். கையெழுத்து நன்றாக இருந்ததால் அரியநாயகம் போனார்.

முதல் நாள் மலையேறும்போதே அவர் நான்கு கேள்வி கேட்டுவிட்டார்.

டீச்சர் நின்றார். "அண்ணாச்சி, நீங்க என்னை மேடம்னு கூப்பிட்டா நான் சொல்ற வேலையை மட்டும் செய்யணும். கேள்வி கேக்கணும்னா டீச்சர்னு கூப்பிடுங்க."

"டீச்சர்னே கூப்பிடுதேன்."

"ஆனா ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். பாட்டரியும் நானும் பதினஞ்சு நாள் தாங்கணும்."

அரியநாயகம் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கேள்வியை இரண்டு மூன்று தரம் மனதில் திருத்தி, வீண் சொல்லை எடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

முதல் நாள் கேள்வி இது: "மேல சாட்டிலைட்டு சுத்துதே டீச்சர், அது அங்கன இருந்து நம்மளப் பாத்துத்தானே எடம் சொல்லுது?"

டீச்சர் இசக்கிராசுவின் ரேடியோவை வாங்கித் திருகினார். ஒரு பெண் குரல் நேற்றைய மழை அளவுகளை ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தது.

"இந்தம்மா உங்களைப் பாக்காங்களா?"

"அது எப்பிடி டீச்சர் பாக்க முடியும்?"

"அரியநாயகம்னு ஒருத்தர் இந்த மலையில உக்காந்து கேக்குறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

டீச்சர் ரேடியோவை அணைத்தார். "மேல உள்ளதும் அப்பிடித்தான். நான் இன்ன எடத்துல இருக்கேன், இப்ப மணி இத்தனைன்னு சொல்லிக்கிட்டே போகும். யாரையும் பாக்காது. கருவிதான் அதைக் கேட்டு, எவ்வளவு நேரத்துல வந்து சேந்துச்சுன்னு கணக்குப் போட்டு, தான் இருக்கிற எடத்தைக் கண்டுபிடிச்சுக்கணும்."

அன்று மதியம் அரியநாயகம் பாதிச் சோற்றை வைத்துவிட்டார். மேலே ஏதோ ஒன்று தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர் கொஞ்ச காலமாக நம்பியிருந்தார். அது பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் தனியாக இருக்கிற மனிதருக்கு அது ஒரு துணை.

மூன்றாம் நாள், எத்தனை குரல் கேட்டால் போதும் என்று கேட்டார்.

"நாலு."

"நீளம், அகலம், உயரம்னு மூணுதானே டீச்சர்? நாலாவது எதுக்கு?"

"அது ரெண்டாவது கேள்வி" என்றான் இசக்கிராசு.

டீச்சர் சிரித்துவிட்டார். "நம்ம கடிகாரத்தைத் திருத்த, அண்ணாச்சி. மேல இருக்கிற கடிகாரம் தப்பாது. நம்ம கையில இருக்கிறது தப்பும்."

ஆறாம் நாள் மழை தூறியது. ஒன்பதாம் கல் ஒரு பெரிய நாவல் மரத்தடியில் இருந்தது. கருவி திணறியது. மரத்தடியில் ஏன் என்று அரியநாயகம் கேட்டார். டீச்சர் இசக்கிராசுவை நாற்பது அடி தள்ளி நிற்க வைத்து, வாய்க்குள்ளேயே ஏதாவது பேசச் சொன்னார். அவன் பேசினான். இலைகளில் மழை விழும் சத்தம்தான் கேட்டது.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் கேக்கல டீச்சர்."

"இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி வர்ற குரல் அதைவிட ஈனமா இருக்கும். ஈர இலையே அதைத் தடுத்துரும். வெயில் வரட்டும்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். வெயில் வந்தது. இலை காய்ந்தது. ஒன்பதாம் கல் முடிந்தது. இசக்கிராசு அப்போது என்ன பேசினான் என்று பிறகு விசாரித்ததில், "அண்ணாச்சி கேள்விய நிப்பாட்டினா கோயிலுக்குத் தேங்கா ஒடைக்கேன்" என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னான்.

இப்படியே பத்து நாளில் பதினாறு கல் முடிந்தன.

தங்கியிருந்த கொட்டகையில் போன் எடுக்காது. அரை மணி நேரம் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை. அங்கே எடுக்கும். இசக்கிராசு அந்தப் பத்து நாளில் ஒன்பது தரம் ஏறிப் பெண்டாட்டியிடம் பேசிவிட்டு வந்தான். டீச்சர் ஒரு தரமும் ஏறவில்லை. அரியநாயகமும் ஏறவில்லை. டீச்சர் ஏன் ஏறவில்லை என்று அவர் கேட்கவில்லை. அது ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிற கேள்வி இல்லை.

அவரிடம் போன் இருந்தது. பைக்குள் அணைந்து கிடந்தது. அவசரத்துக்கென்று தம்பியிடம் இசக்கிராசுவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். மகள் வடிவின் நம்பர் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எழுதி ஒன்பது வருடம் ஆகிறது. ஏடு தீரும்போதெல்லாம் புது ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பிழையில்லாமல் எடுத்து எழுதுவார். ஒரு தரமும் கூப்பிட்டதில்லை.

பத்தாம் நாள் மாலை இசக்கிராசு பாறையிலிருந்து இறங்கி வந்தான். வழக்கமான கேலி இல்லை. அரியநாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி பேசினாவ."

"என்னவாம்?"

"பேத்தி பெரிய மனுசி ஆயிருக்காளாம். வார ஞாயித்துக்கெழம சங்கரன்கோவில்ல சடங்கு வச்சிருக்காவளாம்."

அரியநாயகம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கடைசியாகப் பார்த்தபோது அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. சரியாக இருந்தது.

"அப்பறம்..." இசக்கிராசு காலருகில் கிடந்த குச்சியை ஒடித்தான். "நீங்க வந்தா நல்லாருக்காதுன்னு மக நெனைக்காவளாம். நீங்களா ஒதுங்கிக்கிடச் சொன்னாவ."

"சரிப்பா."

"நான் சொல்லணும்னு சொல்லல அண்ணாச்சி. அவுக சொன்னத..."

"ஒன்ன என்ன சொல்ல. நீ நல்லாத்தான் சொன்ன."

அரியநாயகம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். மூன்று தட்டு, மூன்று டம்ளர். கழுவியதையே மறுபடியும் ஒரு தரம் கழுவினார்.

மறுநாள் வியாழக்கிழமை. பதினேழாம் கல்.

அது ஓர் இடுக்கில் இருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் ஓடை. ஓடைக்கு இந்தக் கரையில் கல். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு கிழிந்த வேட்டிக்கரை மாதிரி தெரிந்தது. டீச்சர் கையை நீட்டி அளந்து பார்த்தார். ஒரு சாண்கூட இல்லை.

"இங்க கஷ்டம்தான். நானும் இசக்கிராசும் போய்ப் பதினெட்டு எங்க இருக்குன்னு தேடி வச்சுட்டு வரோம். நீங்க கருவியோட இருங்க. எண் ஒரு எடத்துல நிலைச்சு நின்னா எழுதுங்க. நிக்கலைன்னா எழுதாதீங்க."

இருவரும் போனார்கள். அரியநாயகம் முக்காலியைக் கல்லின் மேல் சரியாக நிறுத்திக் கருவியை வைத்தார். கேட்கிற குரல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகத் திரையில் கோடுகள் வந்தன. மூன்று. ஐந்து. நான்கு. மறுபடி மூன்று. எண்கள் தாவிக்கொண்டே இருந்தன.

அவர் ஒரு மணி நேரம் பார்த்தார். ஓடை சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனதில் வந்து வந்து போனது. தாய்மாமன் இல்லாத பிள்ளை. வடிவுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. சீர்த்தட்டை யார் எடுத்து வைப்பார்கள் என்று யோசித்தார். தம்பி வைப்பான். தம்பி நல்லவன்தான்.

அணையில் அலை அடிக்கும்போதும் எண் இப்படித்தான் தாவும். அளவுகோலில் தண்ணீர் ஏறும், இறங்கும். அதற்கு ஒரு முறை உண்டு. இருபது தரம் பார்த்து, கூட்டி, நடுவை எடுக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் அப்படித்தான் எடுத்தார். ஒரு நாளும் தப்பியதில்லை.

இருபது எண் எழுதினார். கூட்டினார். இருபதால் வகுத்தார். மறுபடியும் கூட்டிச் சரிபார்த்தார். பதினேழுக்கு நேரே நடுவை எழுதி, அடியில் கோடு போட்டார். நிம்மதியாக இருந்தது.

மாலையில் டீச்சர் வரைபடத்தை விரித்துப் புள்ளி வைத்தார். பதினாறு புள்ளியும் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன. பதினேழாவது ஓடையைத் தாண்டி, எதிர்ப் பாறையின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

டீச்சர் அளந்தார். "அறுபது மீட்டர்."

இசக்கிராசு குனிந்து பார்த்தான். "நூறு வருசமா ஒரு எடத்துல கெடந்த கல்லு. அண்ணாச்சி பக்கத்துல போனதும் ஓடையத் தாண்டி ஓடிட்டே!"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"முப்பத்தோரு வருசத்துல என் ஏட்டுல ஒரு அடித்தல் கெடையாது" என்றார் அரியநாயகம். "நான் எங்க தப்பு விட்டேன் டீச்சர்?"

"இன்னைக்குக் கேள்வி இதுதானா?"

"இதான்."

"பதில் இங்க இல்ல. காலையில இடுக்குக்குப் போவோம்."

காலையில் போனார்கள். டீச்சர் அரியநாயகத்தைப் பதினேழாம் கல்லின் பக்கத்தில் நிற்க வைத்தார். அவருடைய துண்டை வாங்கி அவர் கண்ணைக் கட்டினார்.

"நான் கூப்பிடுவேன். குரல் எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமா நடந்து என்கிட்ட வாங்க. இசக்கிராசு, நீங்க அண்ணாச்சி கூடவே நடங்க. விழப் போனா மட்டும் பிடிங்க. வாயைத் திறக்கக் கூடாது."

"அதுதான் டீச்சர் கஷ்டம்" என்றான் இசக்கிராசு.

காலடிச் சத்தம் விலகிப் போனது. கொஞ்ச நேரம் ஓடை மட்டும் கேட்டது.

"அண்ணாச்சீ!"

முன்னால், சற்று வலது பக்கம். தெளிவாகக் கேட்டது. அரியநாயகம் நடந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபத்திரண்டாவது அடியில் கால் தண்ணீரில் நனைந்தது.

"அண்ணாச்சீ!"

இன்னும் முன்னால்தான். முழங்கால் வரை தண்ணீர் வந்தது. இசக்கிராசு தோளைப் பிடித்தான். வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவன் சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது.

மூன்றாம் தரமும் முன்னால். நான்காம் தரமும் முன்னால். கை நீட்டினார். சில்லென்று பாறை தட்டியது.

"கட்டை அவுத்துப் பாருங்க."

அவிழ்த்தார். எதிர்க்கரைப் பாறையில் முகம் முட்ட நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தார். டீச்சர் அவர் புறப்பட்ட இடத்துக்கும் பின்னால், ஆனை படுத்தது போன்ற ஒரு பெரிய பாறையின் மறைவிலிருந்து வெளியே வந்தார்.

"நீங்க அங்கனயா நின்னிய?"

"அங்கேயேதான் நின்னேன்."

"குரல் இங்கிருந்துல்லா வந்தது!"

"என் குரலை அந்தப் பாறை மறைச்சிருச்சு. எதிர்ப் பாறையில போய் முட்டித் திரும்பினது உங்களுக்குக் கேட்டுச்சு. என் குரல்தான். நான் சொன்ன சொல்லுதான். ஆனா நான் இருந்த எடம் அது இல்ல."

அரியநாயகம் தண்ணீரிலேயே நின்றார்.

"கருவிக்கும் அதேதான் அண்ணாச்சி. நேரா வர்றது பாறையில மறைஞ்சிரும். முட்டிச் சுத்தி வர்றது கொஞ்சம் பிந்தி வரும். ஒரு நொடியைக் கோடிப் பங்கு போட்டா, அதுல ஒரு பங்கு பிந்தினாப் போதும். கணக்கு முப்பது மீட்டர் தள்ளிப் போயிரும்."

"அறுபது தள்ளிப் போச்சே."

"ஏறக்குறைய ரெண்டு பங்கு பிந்தியிருக்கும்."

அவர் கரையேறினார். வேட்டியைப் பிழிந்தார். அவருக்கு இன்னும் ஒன்று ஆறவில்லை.

"டீச்சர், நான் ஒண்ண மட்டும் நம்பி எழுதல. இருவது அளவு எடுத்து நடுவத்தான் எழுதினேன். அணையில அலை அடிச்சா அப்பிடித்தான் எழுதுவோம். ஒருக்காலும் தப்பாது."

"அலை எப்பிடி இருக்கும்?"

"ஏறும், எறங்கும்."

"எதிரொலி எப்பவாவது குரலுக்கு முந்தி வந்து கேட்டிருக்கீங்களா?"

அரியநாயகம் யோசித்தார். விளையாட்டுக்கு யோசிக்கவில்லை. உண்மையாகவே, தனக்குத் தெரிந்த மலை, கிணறு, கோயில் மண்டபம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். பிந்தித்தான் வரும்."

"இருவதும் ஒரே பக்கமாப் பிந்தியிருந்தா, நடு எங்க போய் விழும்?"

அவர் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். இசக்கிராசு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓடையில் குடத்தை நிரப்பப் போவதாகச் சொல்லித் தள்ளிப் போனான். அவன் கையில் குடம் இல்லை.

"எம் மவ ஏங்கிட்ட பேசி ஒம்பது வருசம் ஆவுது டீச்சர்" என்றார் அரியநாயகம்.

டீச்சர் எதிரே இருந்த பாறையில் உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டி ஆசுபத்திரியில கெடந்தா. மவதான் கூட இருந்தா. அணையில வெள்ளம். ரோடு அறுந்து போச்சு. எனக்கு மாத்து ஆள் வரல. நாலு நாள், மணிக்கு ஒரு அளவு. தொண்ணூத்திநாலு அளவு எழுதினேன். அம்பத்தொண்ணுக்கும் அம்பத்திரெண்டுக்கும் நடுவுல அவ போயிட்டா."

ஓடை ஓடியது.

"மவளுக்குக் கோவம் இருக்கும்ல. தம்பி சொன்னான், 'அப்பா மொகத்துலயே முழிக்க மாட்டேன்'னு அவ சொன்னதா. தம்பி பொண்டாட்டி சொன்னா, அப்பிடிச் சொல்லல, மனசுக்குள்ள வருத்தம் இருக்குன்னு. அந்தத் தெருவுல பால் ஊத்துதவன் சொன்னான், அப்பா வராம இருந்தாத்தான் நிம்மதின்னு அவ யாருகிட்டயோ சொன்னாளாம். இப்ப இவன் வந்து ஒண்ணு சொல்லுதான். நானும் ஒருத்தர் பேச்ச மட்டும் நம்பல டீச்சர். எல்லாத்தையும் சேத்து நடுவத்தான் எடுத்தேன்."

"நடு என்னன்னு வந்துச்சு?"

"நான் அவளுக்கு வேண்டாம்னு வந்துது."

டீச்சர் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"அவங்களே உங்ககிட்டக் கடைசியா என்ன சொன்னாங்க?"

இந்தக் கணக்கை அரியநாயகம் போட்டதே இல்லை. இவர் சொன்னது, அவர் சொன்னது என்று எத்தனையோ ஏட்டில் இருந்தது. அது மட்டும் இல்லை.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நான் வாசல்ல நின்னேன். அவ வந்தா." கல்லின் மேல் கையை வைத்தார். "'சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சொல்ல வரல. செருப்பப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

டீச்சர் எழுந்தார். ஆறுதல் சொல்வார் என்று அரியநாயகம் நினைத்தார். டீச்சர் பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. கல்லை அளக்கணும்."

"இங்கதான் கேக்காதே டீச்சர்? எது நேரா வந்தது, எது பாறையில முட்டி வந்ததுன்னு கருவிக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. இங்க எத்தனை நாள் நின்னாலும் தெரியாது. வானம் தெரியிற எடத்துக்கு நாம ஏறணும். அங்க நம்ம எடம் சரியாத் தெரியும். அங்கிருந்து இந்தக் கல் எத்தனை தூரம், எந்தத் திசைன்னு நாடாவால அளந்துட்டாப் போதும்."

கல்லில் நாடாவின் முனையை அரியநாயகம் பிடித்தார். இசக்கிராசு மறுமுனையோடு ஏறினான். டீச்சர் திசையும் சரிவும் பார்த்துச் சொல்ல, அரியநாயகம் எழுதினார். ஐம்பது மீட்டர். பிறகு இன்னொரு ஐம்பது. பிறகு இன்னொன்று. கடைசியில் முப்பத்தொன்றரை. நான்கு துண்டு. வழியில் முள்ளும் வழுக்கலும் இருந்தன. அறுபத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம். ஏழு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

நாடா முடிந்த இடம் அந்த மொட்டைப் பாறை.

அரியநாயகம் அந்தப் பன்னிரண்டு நாளில் அங்கே ஏறியது அதுதான் முதல் தரம். நான்கு பக்கமும் வானம். கீழே அணை ஒரு தாம்பாளத் தண்ணீர் மாதிரி தெரிந்தது. அளவுகோல் இருக்கும் மூலை எது என்று அவர் கண் தானாகவே தேடிப் பிடித்தது.

கருவியை நிறுத்தினார். கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. நான்கு. ஏழு. பதினொன்று. எண் இரண்டு மூன்று தரம் அசைந்து, பிறகு நின்றது. இருபது நிமிடம் பார்த்தார். நின்றது நின்றபடி இருந்தது.

பதினேழுக்கு நேரே முந்தின நாள் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அவர் ஏட்டில் முதல் அடித்தல். பக்கத்தில் மொட்டைப் பாறையின் எண்ணை எழுதினார். நாடா அளவு நான்கையும் சேர்த்து டீச்சர் கணக்குப் போட்டார். வரைபடத்தில் புள்ளி வைத்தார். பதினாறுக்கு அடுத்தாற்போல், ஓடைக்கு இந்தக் கரையில், வரிசையில் வந்து நின்றது.

"வீட்டுக்கு வந்துட்டு" என்றான் இசக்கிராசு. பிறகு அவன் பாறையின் ஓரத்துக்குப் போய்ப் போனைக் காதில் வைத்தான். "ரசமா? நேத்தும் ரசந்தானட்டீ வச்ச? எனக்கென்ன, நான் இங்கன என்னத்தத் திங்கேன்னு நெனச்ச? ... சரி, பிள்ள எங்க? அதுகிட்டக் குடு" என்று கத்திப் பேசினான்.

டீச்சர் கருவியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் பையின் அடியில் கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை. ஒரு தரம் பார்த்தார். அவ்வளவுதான்.

அரியநாயகம் தன் போனை எடுத்தார். பொத்தானை அமுக்கிப் பிடித்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அது விழித்தது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பத்து எண். ஒவ்வொன்றாகப் பார்த்து அமுக்கினார். பத்தும் சரியா என்று ஏட்டோடு ஒப்பிட்டார். பச்சைப் பொத்தானின் மேல் பெருவிரலை வைத்தார். அமுக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இன்னைக்குக் கேள்வி காலையிலயே முடிஞ்சு போச்சு."

"ஆமா. கீழ இடுக்குலயே முடிஞ்சுது."

"நாளைக்கு உள்ளத இப்பக் கேட்டுக்கிடலாமா?"

"கேளுங்க."

காற்று குறிப்பேட்டின் தாளைப் புரட்டியது. அவர் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் கூப்பிட்டு, அவளே எடுத்து, அவ வாயாலயே, வராதீங்கன்னு சொல்லிட்டா?"

டீச்சர் பையின் வாரை இழுத்து முடிச்சுப் போட்டார். வரைபடத்தைச் சுருட்டினார். பென்சிலை மட்டும் உள்ளே வைக்காமல் அவர் பக்கம் நீட்டினார்.

"அப்ப அதுதான் அண்ணாச்சி கல் இருக்கிற எடம். அடிக்காம எழுதிக்கலாம்."